பெருந்தொட்டிக்கு எந்த ஸ்டாண்டு: கம்பெனி தருவதா, பட்டறையில் செய்வதா?

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வண்ணமீன் வாங்க வருகிறவர்களுள், அரோவானாவையோ ஆஸ்கரையோ ஆறடித் தொட்டியில் வளர்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள், மீனுக்கும் தொட்டிக்கும் பில்டருக்கும் விளக்குக்கும் பேரம் பேசி முடித்த பிறகே, இத்தனையையும் தாங்கி நிற்கப்போகும் ஸ்டாண்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த வரிசையை மாற்றி, ஸ்டாண்டையும் அது நிற்கப்போகும் தரையையும் முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன் பிறகு தொட்டிக்கு அளவு கொடுப்பதே விவேகம் என்பதும், கம்பெனி ஸ்டாண்டா பட்டறை ஸ்டாண்டா என்ற கேள்விக்கு விலையைக்கொண்டு அல்லாமல் சுமையைக்கொண்டே விடை காணவேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சுமையின் கணக்கு

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள ஒரு தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். கண்ணாடியின் கனத்தைக் கழித்து, மேலே இரண்டங்குலம் வெற்றிடமும் விட்டால், உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 580 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ வீதம் நான்கு பக்கமும் அடிப்பாகமும் சேர்ந்து 120 கிலோவுக்குச் சற்று அதிகம். மணலும் கல்லும் இன்னும் நூறு கிலோ. ஆக, மீனை விடுவதற்கு முன்பே 800 கிலோ அந்த ஸ்டாண்டின்மேல் ஏறிவிடுகிறது. இதே முறையில் கணக்கிட்டால், நாலடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் உள்ள தொட்டி 300 கிலோவோடு நின்றுவிடும். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், மேலே சொல்லப்போகும் யோசனைகளின் நியாயம் எளிதில் விளங்கும்.

சுமை பெரிது என்பதனால் மட்டும் தொட்டி உடைவதில்லை. ஒழுங்காகச் செய்த எந்த மரக்காலும் இரும்புக்காலும் நேர்க்குத்தான பாரத்தை இதற்குமேலும் தாங்கும். தொட்டிக்கு உண்மையான பகை, ஸ்டாண்டின் மேற்பரப்பு சமமாக இல்லாமையும், நடுவே தொய்வதும், பக்கவாட்டில் ஆடுவதுமே ஆகும். ஏனெனில் வளைந்துகொடுக்கும் குணமில்லாத கண்ணாடி, தன் கீழுள்ள பலகை ஓரிடத்தில் தாழ்ந்தால் தானும் தாழாமல், அந்த இழுப்பு முழுவதையும் மூலையிலுள்ள சிலிக்கான் ஒட்டின்மீதோ தன் அடிப்பாகத்தின்மீதோ சுமத்திவிடுகிறது.

கம்பெனி ஸ்டாண்டு

தொட்டியைச் செய்த நிறுவனமே அதற்கென்று செய்து தரும் ஸ்டாண்டில் இருக்கும் தலையான சௌகரியம், இரண்டின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதும், அந்தத் தொட்டியின் பாரத்தை முன்னரே கணக்கிட்டு அது அமைக்கப்பட்டிருப்பதும் ஆகும். தன் ஸ்டாண்டின்மேல் வைத்தால்தான் தொட்டிக்கு உத்தரவாதம் என்று நிபந்தனை விதிக்கும் நிறுவனங்களும் உண்டு. அத்தகைய தொட்டியை வாங்குகிறவர் சிக்கனம் கருதி வேறு ஸ்டாண்டு தேடுவது புத்திசாலித்தனம் ஆகாது. மேலும், பகுதி பகுதியாகப் பெட்டியில் வருவதால், சிவாஜிநகரின் பழைய வீடுகளில் உள்ள குறுகிய மாடிப்படிகளில் ஏற்றித் திருப்புவதற்கும், வாடகை வீட்டை மாற்றும்போது கழற்றிக்கொண்டு போவதற்கும் அது தோதானது.

இனி அதன் குறைகள். இவ்வகை ஸ்டாண்டுகளில் பெரும்பான்மையானவை மெலமைன் பூசிய துகள்பலகையால் ஆனவை. நேர்க்குத்தாக நிற்கும் அப்பலகை பாரத்தை நன்றாகவே சுமக்கும். ஆனால் அதன் வெட்டுமுகத்தில் தண்ணீர் பட்டு ஊறினால், அது உப்பிப் பொரிந்து, ஒருமுறை இழந்த பலத்தை மறுபடி பெறுவதில்லை. பில்டர் குழாய்க்காகப் பின்பலகையில் துளையிடுகிறவர்கள், அந்தத் துளையின் உள்விளிம்புக்குச் சிலிக்கான் பூசாமல் விட்டுவிடுவதே பல ஸ்டாண்டுகளின் ஆயுளைக் குறைக்கிறது. பின்பலகை வெறும் மறைப்பு அன்று. ஸ்டாண்டு பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிற்பது அதுவே. ஆகையால் குழாய்களுக்கு வேண்டுமென்று அதைப் பெருமளவு வெட்டி எடுத்தால் கட்டுக்கோப்பே தளர்ந்துவிடும். உள்ளே சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி, வைக்க நினைப்பவர்கள் கதவின் திறப்பை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். நடுத்தடுப்பு உள்ள ஸ்டாண்டில் மூன்றடிச் சம்ப் நுழைவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கம்பெனி ஸ்டாண்டு கம்பெனித் தொட்டிக்கே உரியது. உள்ளூரில் ஒட்டிய தொட்டியை, அளவு ஏறக்குறைய ஒத்துவருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன்மேல் ஏற்றுவது, ஒரு விளிம்பைப் பலகைக்கு வெளியே தொங்கவிடும் அபாயத்தில் முடியும்.

பட்டறை ஸ்டாண்டு

ஆறடித் தொட்டிகளுள் பல, கடைக்காரர் கண்ணாடியை அளவுக்கு வெட்டிச் சிலிக்கானால் ஒட்டித் தருபவையே ஆதலால், அவற்றுக்கு வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டு செய்துகொள்வதே இயல்பான வழியாக இருக்கிறது. அறையின் மூலைக்கும், உட்கார்ந்து பார்க்கிறவரின் கண்மட்டத்துக்கும், சம்ப்பின் உயரத்துக்கும் தக்கவாறு செய்துகொள்ளலாம் என்பது இதன் பெருமை. செய்கிறவர் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்து பழகியவரேயன்றித் தண்ணீர்ப் பாரத்தின் தன்மையை அறிந்தவராக இல்லாமலிருக்கலாம் என்பது இதன் ஆபத்து. எனவே, கம்பெனி ஸ்டாண்டில் நிறுவனம் போட்ட கணக்கை இங்கே வாங்குகிறவரே போடவேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கில் முதன்மையானது நடுக்கால். நாற்பது மில்லிமீட்டர் சதுரமும் இரண்டு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்பு ஸ்கொயர் பைப்பால் ஆறடி ஸ்டாண்டு செய்து, நான்கு மூலைகளில் மட்டும் கால் வைத்தால், 800 கிலோ பாரத்தில் நீண்ட பைப்பின் நடுப்பகுதி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தொய்யும் என்று கணக்குச் சொல்கிறது. மூலை வெல்டிங்கின் பிடிப்பு அதைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, கண்ணாடி பொறுக்கும் அளவுக்குக் கொண்டுவராது. தாங்கலின்றி நிற்கும் தூரம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பௌதிக விதி. ஆதலால் முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு கால் சேர்த்து ஆறு காலாகச் செய்தால், தொய்வு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பைப்பைப் பருமனாக்கிச் செலவு செய்வதைவிட, இரண்டு கால் கூட்டுவது மலிவும் பலமும் ஆகும்.

அடுத்தது பைப்பின் கனம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றே போல் தோன்றும் பைப்புகளுள் இரண்டு மில்லிமீட்டருக்கும் 1.2 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் காட்டாது, தராசு காட்டும். ஆறு மீட்டர் நீளமுள்ள நாற்பதுக்கு நாற்பது பைப் இரண்டு மில்லிமீட்டர் கனமானால் சுமார் 14 கிலோ இருக்கும்; 1.2 மில்லிமீட்டரானால் 9 கிலோகூட இராது. இரண்டரையடி உயரமுள்ள ஆறுகால் ஸ்டாண்டுக்கு இத்தகைய பைப் மூன்று போதும். இரும்பைக் கிலோக் கணக்கில் விற்பதால், மூன்று பைப்புக்கும் சேர்த்துப் பில்லில் நாற்பது கிலோவுக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது வெல்டிங். மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்து மறைக்காமல், இணைப்பின் எல்லாப் பக்கமும் முழு வெல்டிங் ஓடவேண்டும். மேற்சட்டத்தில் அவ்வாறு ஓடிய வெல்டிங் மணிகள் சற்றே புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பைக் கிரைண்டர் வைத்து, உள்ளங்கையால் தடவினால் எங்கும் தட்டாதவாறு இழைத்துவிட வேண்டும். கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு வெல்டிங் மணி, ஆறடிக் கண்ணாடியின் பாரத்தைத் தன் ஒரு முனையில் வாங்கிக்கொண்டு விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். பின்பக்கம் குறுக்குச் சட்டம் ஒன்று சாய்வாக வைத்தால் ஆட்டம் நிற்கும். ரெட் ஆக்ஸைடு பூசி அதன்மேல் பெயிண்ட் அடிப்பது நன்னீர்த் தொட்டிக்குப் போதும். கடல்மீன் வளர்ப்பவர்கள், உப்புத் தண்ணீர் துளையும் இடுக்கும் தேடிச் சென்று அரிக்கும் என்பதை நினைத்து, பைப்பின் திறந்த வாய்களையும் அடைத்துவிடச் சொல்லவேண்டும்.

இரும்புச் சட்டத்தின்மேல் முக்கால் அங்குல பிளைவுட் போடுவது வழக்கம். அதில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும், ஐ.எஸ். 303-இன்கீழ் வரும் சாதாரண எம்.ஆர். பிளைவுட், பெயரளவில் ஈரம் தாங்குவதாயினும், தொட்டிக்கடியில் தினமும் சிந்தும் தண்ணீருக்கு ஏற்றதன்று. அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் அமரும் தொட்டிக்குத் தெர்மோகோல் விரிப்பு நல்லது; அது மணல் துணுக்கையும் சிறு கரடுமுரடையும் விழுங்கிக்கொள்ளுமேயன்றித் தொய்வைச் சரிசெய்யாது. அடியில் பிளாஸ்டிக் சட்டமிட்டு, கண்ணாடி அந்தச் சட்டத்தில் தூக்கி நிறுத்தப்பட்ட தொட்டிக்குத் தெர்மோகோல் கூடாது. அது தூக்கி நிற்க வேண்டிய கண்ணாடியைக் கீழிருந்து முட்டும்.

தரை

எந்த ஸ்டாண்டாயினும் அது நிற்பது வீட்டின்மேல். குடியிருக்கும் அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 875 வகுக்கிறது, ஆறடித் தொட்டியோ தன் அடியிலுள்ள 1.1 சதுர மீட்டரில் 800 கிலோவை இறக்குகிறது. அந்தப் பிரமாணம் அறை முழுவதும் பரவிய சுமைக்கானது ஆதலால், தொட்டி வைத்தவுடனே தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. எனினும் மாடியில் வைப்பவர் சுவரோரமாகவோ உத்தரத்தின் மேலாகவோ வைப்பதும், கட்டட இஞ்சினீயர் ஒருவரை அழைத்துக் காட்டுவதும் அவசியம். கண்டோன்மெண்ட் காலத்து வீடுகளில் மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் மாடியறைக்கு அடியில் இருக்குமானால், அங்கே ஆறடித் தொட்டி என்ற எண்ணத்தையே கைவிட்டுக் கீழ்த்தளத்தில் இடம் பார்ப்பது மேல்.

ரெட் ஆக்ஸைடு தரையும் கடப்பைக்கல் தரையும் கழுவிவிட வசதியாகச் சரிவாக இடப்பட்டவை. அந்தச் சரிவைத் தொட்டிக்கும் பலகைக்கும் இடையே அட்டை சொருகிச் சரிக்கட்டுவது பெரும் பிசகு. ஸ்டாண்டின் காலடியில் இரும்புத் தகடு வைத்தே சரிக்கட்ட வேண்டும். இந்த வகையில், கால்களை இடத்துக்கு ஏற்ப அளந்து வெட்டக்கூடிய பட்டறை ஸ்டாண்டுக்கே அனுகூலம் அதிகம்.

எதை, யார் தேர்ந்துகொள்வது

நாலடிக்கு உட்பட்ட கம்பெனித் தொட்டி, சமமான டைல்ஸ் தரை, அடிக்கடி வீடு மாறும் வாழ்க்கை என்ற மூன்றும் சேர்ந்தவர் கம்பெனி ஸ்டாண்டையே வாங்கிக்கொள்வது உத்தமம். அவருக்குப் பட்டறை கூடுதலாகத் தருவது ஒன்றுமில்லை. ஐந்தடி ஆறடிக் கம்பெனித் தொட்டி வாங்குகிறவரும், உத்தரவாதத்தை எண்ணி, அதற்குரிய ஸ்டாண்டோடு சேர்த்தே வாங்குவது நலம். உள்ளூரில் ஒட்டிய பெருந்தொட்டி, பெரிய சம்ப், சரிந்த தரை என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் பட்டறை ஸ்டாண்டே சரி. அதிலும், பாரத்தை இரும்புச் சட்டம் சுமக்க, அழகைத் தச்சர் செய்த பலகையும் கதவும் தரும்படி பிரித்துவிடுவதே நான் மனமாரச் சிபாரிசு செய்யும் ஏற்பாடு. பலகை நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். தொட்டியை இறக்க வேண்டியதில்லை. படிக்கட்டு குறுகலாக இருந்தால், சட்டத்தை இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி வெல்டரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும், மீன் வாங்குவதற்கு முன் தொட்டியைப் பாதியளவு நிரப்பி, ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, பிறகு முழுவதும் நிரப்பி, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தண்ணீர்க்கோடு இரு முனைகளிலும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், சோம்பலின்றித் தண்ணீரை இறைத்துவிட்டுக் காலடியைச் சரிசெய்து மீண்டும் நிரப்ப வேண்டும். மீன் வந்த பிறகு இந்தச் சோதனையைச் செய்ய இயலாது. ஒட்டு விட்டால் ஓடித் தப்பவும் அந்த உயிருக்கு வழியில்லை. அதனால்தான் தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஸ்டாண்டின் அளவையும் அது நிற்கும் இடத்தையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.