ஹெல்ம் நகரத்துப் பேதையர்

போலந்து நாட்டு ஹெல்ம் நகரத்தார் அனைவரும் தம்மை மேதாவிகளென எண்ணிய பேதையர் என்பது, யூதர் தம் சிறார்க்கு இத்திஷ் மொழியிற் கூறிவந்த கற்பனை. ஓரிரவு அங்கே பனி பெய்தது. வைகறையில் வீடுதோறுஞ் சென்று மக்களைத் தொழுகைக்கு எழுப்பும் ஊழியன் நடந்தால் வெண்பனியின் அழகு கெடுமென்று பெரியோர் கவன்றனர். நெடிது ஆராய்ந்து, அவனை ஒரு மேசைமீது ஏற்றி நால்வர் சுமந்து சென்றனர்!

இதனைச் சொல்லுவோர் தாம் நகைத்தலாகாது; ஈற்றிலே சற்று நிறுத்தல் வேண்டும். அவ்விடைவெளியில், இரு கால்களுக்கு ஈடாக எட்டுக் கால்கள் பனியை மிதித்தமையைக் குழந்தை தானே கண்டு நகைக்கும். பெரியோரினும் தான் அறிவுடையதென்னும் அவ்வின்பமே இக்கதைகளின் அழியா அழகு. ஆதலின் இவை ஏட்டினும் குரலுக்கே உரியன. ஒலிப்பதிவிலும் சுவை குன்றாதன.

ஹெல்ம் நகர யூதருள் ஆயிரக்கணக்கானோர் 1942-இல் சோபிபோர் கொலைமுகாமில் மாண்டனர். ஊரார் மறைந்தனர்; கதையின் பேதையரோ சிறார் செவிகளில் இன்றும் வாழ்கின்றனர்.