வாய்ச் சுகாதாரமும் பூரண நன்னிலையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• பற்சூத்தையும் முரசு நோயும் ஏற்படும் விதத்தை விளக்குவீர்கள்.
• வாயிலுள்ள நோய் உடலின் ஏனைய பகுதிகளைப் பாதிக்கும் விதத்தைக் கூறுவீர்கள்.
• வாய்ப்புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளை இனங்காண்பீர்கள்.

1. அறிமுகம்

சுகாதாரம் என்பது நோயற்றிருத்தல் மட்டுமன்று; உடல், உள, சமூக ரீதியான பூரண நன்னிலையுமாகும். 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார தாபனத்தின் யாப்பு இவ்வாறே வரையறுக்கின்றது. உண்பது, பேசுவது, சிரிப்பது ஆகிய மூன்றும் வாயினாலேயே நிகழ்கின்றன. ஆகவே வாய் நோயுற்றால் இம்மூன்று நன்னிலைகளும் பாதிக்கப்படும். உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக அத்தாபனம் 2022இல் அறிவித்தது. இவற்றுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதே மாணவர்களாகிய நீங்கள் முக்கியமாக அறிய வேண்டியதாகும்.

2. பற்சூத்தை

மனிதனுக்குப் பாற்பற்கள் 20உம் நிலையான பற்கள் 32உம் உண்டு. பல்லின் வெளிப்படை மிளிரி ஆகும். உடலிலுள்ள பதார்த்தங்களுள் மிகவும் கடினமானது இதுவே. எனினும் இதில் உயிருள்ள கலங்கள் இல்லாமையால், ஒருமுறை குழி விழுந்தால் அது மீண்டும் வளராது.

பற்சூத்தை ஏற்படும் படிமுறை:
(1) பல்லின் மேற்பரப்பில் பற்றீரியாக்கள் செறிந்த பற்படலம் படிகின்றது.
(2) நாம் உண்ணும் வெல்லங்களைப் பற்றீரியாக்கள் பயன்படுத்தி அமிலத்தைத் தோற்றுவிக்கின்றன.
(3) பற்படலத்தின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5இலும் குறையும்போது மிளிரியிலிருந்து கல்சியம், பொசுபேற்று ஆகியன கரைந்து வெளியேறுகின்றன.
(4) உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கி, இழந்த கனியுப்புகளை ஓரளவுக்கு மீள வழங்குகின்றது.
(5) கரைதல் மீளப் படிதலைவிட அதிகமாகும்போது குழி தோன்றுகின்றது. அது உட்சென்று நரம்பும் குருதிக்கலன்களும் உள்ள மச்சையை அடையும்போது கடும் வலி உண்டாகும்.

நான்காம் படியைக் கவனியுங்கள். உமிழ்நீர் தன் பணியைச் செய்ய அவகாசம் தேவை. ஒரு ரொபியை உணவோடு சேர்த்து உண்பவரைவிட, காலை முதல் மாலை வரை இடைக்கிடையே ரொபி, பிஸ்கற், மென்பானம் என்று உட்கொள்பவரின் பற்களே அதிகம் பாதிக்கப்படும். எவ்வளவு சீனி என்பதோடு, எத்தனை தடவை சீனி என்பதும் முக்கியமாகும்.

3. முரசு நோய்

அகற்றப்படாத பற்படலம் முரசை அழற்சியடையச் செய்யும். முரசு சிவந்து வீங்கிப் பல் துலக்கும்போது குருதி கசியும். பலர் இதைக் கண்டு அவ்விடத்தைத் துலக்குவதை நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. துலக்காவிடின் படலம் மேலும் சேரும், அழற்சியும் கூடும். மென்மையான தூரிகையால் ஒழுங்காகத் துலக்கினால் ஆரம்ப நிலை முரசு அழற்சி குணமாகும்.

நீண்ட காலம் தேங்கும் படலம் கல்போல இறுகிக் காரையாகிவிடும். இதைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் வைத்தியரே அகற்ற வேண்டும். கவனியாதுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும். இவ்வெலும்பு இழப்பு வலியின்றியே நிகழக்கூடியது.

4. பூரண நன்னிலையில் ஏற்படும் பாதிப்புகள்

(அ) உடல் நன்னிலை
• நீரிழிவு: இத்தொடர்பு இருவழிப்பட்டது. குருதியில் குளுக்கோசு கட்டுப்பாடின்றி இருப்பவர்களுக்கு முரசு நோய் எளிதில் ஏற்படும். முரசின் நாட்பட்ட அழற்சி, குளுக்கோசைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும்.
• இதயம்: நோயுற்ற முரசினூடாகப் பற்றீரியாக்கள் குருதியிற் புகலாம். மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்தோருக்கு இவை இதயத்தின் உட்படையில் தொற்றை ஏற்படுத்தக்கூடும். அத்தகையோர் பல் பிடுங்குவதற்கு முன் தமது இதய நோய் பற்றி வைத்தியருக்குக் கட்டாயம் கூற வேண்டும்.
• சுவாசப்பை: முதியோரும் படுக்கையிலுள்ள நோயாளரும் வாயிலுள்ள பற்றீரியாக்களை உட்சுவாசிப்பதால் நியூமோனியா ஏற்படலாம்.
• போசணை: மெல்ல முடியாதவர் காய்கறி, பழங்கள், கடலை முதலியவற்றைத் தவிர்ப்பார். இது போசணைக் குறைபாட்டுக்கு வழிவகுக்கும்.

(ஆ) உள நன்னிலை: வலியினால் நித்திரை குழம்பும், கற்றலில் கவனம் குறையும். பற்களின் தோற்றத்தினால் சிரிக்கத் தயங்குதல் தன்னம்பிக்கையைப் பாதிக்கும்.

(இ) சமூக நன்னிலை: வாய் நாற்றத்தினால் பிறருடன் பழகத் தயங்குதல், பாடசாலைக்கு வராதிருத்தல், குடும்பத்தின் பணமும் வேலை நாட்களும் வீணாதல்.

5. வாய்ப்புற்றுநோய்

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுவாகும். வெற்றிலையுடன் பாக்கு, புகையிலை சேர்த்து மெல்லல், புகைத்தல், மது அருந்துதல் ஆகியன முக்கிய காரணங்கள். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் பாக்குத் தனித்தே புற்றுநோயை உண்டாக்கவல்லது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் வகைப்படுத்தியுள்ளது. புகையற்ற புகையிலை உற்பத்திகளை விற்பது 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது.

ஆரம்ப அறிகுறிகள்:
• அகலாத வெண்ணிற அல்லது செந்நிறத் திட்டு
• இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத புண்
• காரமான உணவு எரிதல், வாயை முழுமையாகத் திறக்க முடியாமை
• காரணமின்றித் தோன்றும் கட்டி

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி வரும்வரை காத்திருப்பதே பல உயிர்களை இழக்கச் செய்கின்றது.

6. பாதுகாக்கும் வழிகள்

• புளோரைட்டு அடங்கிய பற்பசையால் காலையிலும், இரவு நித்திரைக்கு முன்பும் இரண்டு நிமிடங்கள் துலக்குதல். நித்திரையின்போது உமிழ்நீர் குறைவதால் இரவில் துலக்குவது மிக முக்கியம்.
• துலக்கியபின் நுரையைத் துப்புதல். அதிக நீரால் உடனே கொப்பளிக்காதிருத்தல்.
• சீனி உணவுகளை உணவு வேளைக்கு மட்டுப்படுத்தல்.
• வலி இல்லாவிடினும் பல் வைத்தியரிடம் ஒழுங்காகப் பரிசோதித்தல். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசமாகக் கிடைக்கின்றது.

மனதிற் கொள்க: புளோரைட்டு அளவோடு நன்மை தரும். அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலயப் பகுதிகள் சிலவற்றின் நிலத்தடி நீரில் இது மிகையாக உள்ளது. பற்கள் உருவாகும் வயதில் அந்நீரைப் பருகும் சிறுவரின் பற்களில் வெண்ணிற அல்லது கபில நிறக் கறைகள் தோன்றும். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை மேவக்கூடாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டற் பெறுமானம்.

விளையாட்டின்போது நிலையான பல் கழன்று விழுந்தால்: வேரைத் தொடாது முடிப்பகுதியிற் பிடித்தெடுக்க. முடியுமாயின் உடனே குழியில் வைக்க. முடியாவிடின் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் செல்க. பாற்பல்லாயின் மீள வைக்கலாகாது.

7. மாதிரி வினா

தரம் 11 மாணவி ஒருத்தியின் தந்தை நீரிழிவு நோயாளி. பல் துலக்கும்போது அவரது முரசில் குருதி கசிகின்றது. அவர் பல வருடங்களாக வெற்றிலை பாக்கு மெல்பவர். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு மாதமாக வெண்ணிறத் திட்டு உண்டு. “வலி இல்லைத்தானே, பிறகு பார்ப்போம்” என்கிறார்.

(i) குருதிக் கசிவுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு யாது?
(ii) தந்தையின் கூற்று ஏன் தவறானது?
(iii) மாணவி செய்யக்கூடியவை இரண்டு தருக.

விடைக் குறிப்பு

(i) கட்டுப்பாடற்ற நீரிழிவு முரசு நோயை அதிகரிக்கும்; முரசின் அழற்சி குளுக்கோசுக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும். (இரு திசைகளையும் எழுதுக.)
(ii) வெண்ணிறத் திட்டு புற்றுநோயாக மாறக்கூடும். ஆரம்ப நிலையில் வலி இருப்பதில்லை. விரைவில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.
(iii) தாமதியாது பற்சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல். நீரிழிவு உள்ளதை வைத்தியருக்குத் தெரிவித்தல். வெற்றிலை பாக்கைக் கைவிட வீட்டார் உதவுதல் (இவற்றுள் இரண்டு).

செயற்பாடு: கண்ணாடி முன்னின்று உங்கள் முரசு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை அவதானியுங்கள். வீட்டிலுள்ள பெரியோரையும் அவ்வாறு செய்யச் சொல்லுங்கள். பரீட்சைக்காகக் கற்ற அறிகுறிகளை உங்கள் வீட்டில் ஒருவரிடம் உரிய காலத்தில் கண்டறிந்தால், அதுவே இப்பாடத்தின் முதற் பயனாகும்.