சர்க்கரை நோயும் எச்சரிக்கை மணியும்

கே.ஜி.கண்டிகையினின்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துச் செல்லும் அன்பரொருவர் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்பவர் எனக் கொள்வோம். உபவாசத்துடன் திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறுங்கால், உணவின்மையும் உழைப்பும் மருந்தும் ஒருங்கு கூடி இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகத் தாழ்த்திவிடக் கூடும். வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். அவற்றை மலையேறிய களைப்பென எண்ணி வாளாவிருத்தல் உயிர்க்கே ஊறாகும்.

இத்தகைய இடர்களை முன்னறிவிக்கும் கருவியைப்பற்றியே நாம் ஈண்டுக் கூறப்புகுந்தோம். மேற்கையில் ஒட்டப்படும் இதன் மெல்லிய இழை, தோலின்கீழுள்ள திசுநீரின் சர்க்கரையைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அளந்து கைப்பேசிக்கு அறிவிக்கின்றது. அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கின் மணி ஒலிக்குமாறு அமைத்துக்கொள்ளலாம்.

மணி கேட்டவுடன் செய்யத்தக்கது யாது? படியிலேயே அமர்ந்து, 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிஷங் கழித்து மீண்டும் அளவைப் பார்த்தல் வேண்டும். திசுநீரின் அளவு இரத்தத்தின் அளவுக்குச் சில நிமிஷம் பிந்தியே மாறுவதாதலின், கருவி காட்டும் எண்ணும் உடற்குறியும் முரணுமிடத்து விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தறிதல் கடனாம். அம்புக்குறி செங்குத்தாகக் கீழ்நோக்கின், மணி ஒலிக்குமுன்னரே விழிப்புறுதல் நன்று.

மேலெல்லையை அளவிறந்து தாழ்த்தி வைப்போர், ஓயாத ஒலியாற் சலிப்புற்று மணியையே அடக்கிவிடுவர். ஆதலின் எல்லைகளையும், உபவாச நாளின் மருந்தளவையும் வைத்தியரோடு கலந்து முன்னரே வகுத்துக்கொள்க. உடன் செல்லும் தோழரும் ஒன்றறிதல் வேண்டும்: நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊட்டலாகாது, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதலே தக்கது.