ஜி2 போதுமா, ஜி3 வேண்டுமா? பாடம் பாடமாக ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில், பிள்ளையின் படிப்பு குறித்துக் குடும்பங்கள் மூன்று முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தொடக்கநிலை 4 முடியும்போது, எந்தப் பாடத்தை ஸ்டாண்டர்ட் நிலையில் படிப்பது, எதை ஃபவுண்டேஷன் நிலையில் படிப்பது என்று பள்ளி ஒரு பரிந்துரை தருகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வந்ததும் எந்தப் பள்ளி, எந்தப் பாடம் ஜி2, எது ஜி3 என்ற கேள்வி எழுகிறது. உயர்நிலை 2 முடிவில் மேல்வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று இடங்களிலும் பல பெற்றோர் ஒரே அளவுகோலைத்தான் கையிலெடுக்கிறார்கள்: கிடைப்பதில் உயர்ந்த நிலையை எடுத்துக்கொள்வோம், முடியாவிட்டால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். இந்த அளவுகோல் சில பாடங்களில் பிள்ளையை வளர்க்கும். வேறு சில பாடங்களில் அதுவே பிள்ளையை ஒடித்துவிடும். எங்கே வளர்க்கிறது, எங்கே ஒடிக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடக் கூடாது என்பதே என் வாதம்.

மொத்தமாகத் தீர்மானிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1979இல் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் குழு அறிக்கை அளித்தபோது, பாடங்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏராளமான பிள்ளைகள் படிப்பைப் பாதியிலேயே விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தீர்வாகத்தான் பிள்ளைகளை வெவ்வேறு வேகமுள்ள பிரிவுகளாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் நிலைபெற்றன. 1994இல் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது. படிப்பை இடையில் விடுவது குறைந்தது உண்மை. ஆனால் கணிதத்தில் தடுமாறி ஆங்கிலத்தில் தேர்ந்த பிள்ளை, இரண்டையும் ஒரே வேகத்தில் படிக்க வேண்டியதாயிற்று. பிரிவின் பெயர் பிள்ளையின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் இந்தப் பிரிவுகள் கைவிடப்படும் என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஜி1, ஜி2, ஜி3 என்று ஏறுமுகமான நிலைகள் மட்டுமே உண்டு. முறை மாறிவிட்டது, வீட்டில் நடக்கும் பேச்சு மட்டும் இன்னும் மொத்த மதிப்பெண்ணையே சுற்றிவருகிறது.

முதல் முடிவிலேயே இதன் விளைவு தெரிகிறது. ஃபவுண்டேஷன் என்றதும் பெற்றோர் பதறுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பிஎஸ்எல்இயில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் என்ற தரநிலை உண்டு; ஏஎல் 1 மிகச் சிறந்தது, ஏஎல் 8 கடைசி. ஃபவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஏஎல் 6க்கு மேல் போக முடியாது. 75 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 'ஏ' கிரேடு, அது ஏஎல் 6க்குச் சமம். 30 முதல் 74 வரை ஏஎல் 7, அதற்கும் கீழே ஏஎல் 8. ஸ்டாண்டர்ட் நிலையில் 45 முதல் 64 வரை எடுப்பவருக்கும் அதே ஏஎல் 6தான். 20 முதல் 44 வரை ஏஎல் 7. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பதற்றத்துக்கு எல்லை கிடைக்கும். ஸ்டாண்டர்ட் கணிதத்தில் 65ஐத் தொடும் வாய்ப்பு உண்மையாகவே உள்ள பிள்ளையை ஃபவுண்டேஷனுக்கு மாற்றினால் இழப்பு உண்டு, ஏனெனில் ஏஎல் 5 கிடைத்தால் உயர்நிலையில் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் படிக்கும் தகுதியும் சேர்ந்து வருகிறது. ஆனால் 40க்கே மூச்சுத் திணறும் பிள்ளை ஸ்டாண்டர்டில் தொடர்ந்தால் ஏஎல் 7தான் மிஞ்சும். அதே பிள்ளை ஃபவுண்டேஷனில் பின்னத்தையும் விகிதத்தையும் நிதானமாகப் புரிந்துகொண்டு 'ஏ' எடுத்தால் ஏஎல் 6. உயர்நிலை 1இல் ஜி2 கணிதத்துக்கான கதவும் திறக்கும். இடைப்பட்ட 50களில் நிற்கும் பிள்ளைதான் உண்மையில் கடினமான வழக்கு. அங்கே மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தவறுகளின் வகையைப் பார்க்க வேண்டும். கேள்வியைச் சரியாக வாசிக்காததால் மதிப்பெண் போகிறது என்றால் ஸ்டாண்டர்டில் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பாடமே புரியாததால் போகிறது என்றால் இருக்கக் கூடாது.

பிஎஸ்எல்இக்குப் பிறகு வரும் முடிவு இன்னும் நுட்பமானது. நான்கு பாடங்களின் ஏஎல் கூட்டுத்தொகை 4 முதல் 20 வரை இருந்தால் போஸ்டிங் குழு 3. 23, 24 என்றால் குழு 2. 26 முதல் 30 வரை, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல் 7 அல்லது அதைவிட நல்ல நிலை இருந்தால், குழு 1. நடுவில் 21, 22 பெற்றவர்கள் குழு 2, குழு 3 இரண்டில் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். 25 பெற்றவர்களுக்கும் குழு 1, குழு 2 இடையே அதே உரிமை. குழு என்பது பள்ளியில் சேர்வதற்கும், தொடக்கத்தில் பெரும்பாலான பாடங்களை எந்த நிலையில் படிப்பது என்பதற்கும் மட்டுமே. குழு 2இல் சேரும் பிள்ளை ஒரு பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல நிலை பெற்றிருந்தால், அதை முதல் நாளிலிருந்தே ஜி3 நிலையில் படிக்கலாம். ஆங்கிலத்தில் 4, தமிழில் 5, கணிதத்திலும் அறிவியலிலும் 7 என்று மொத்தம் 23 பெற்ற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் வழக்கநிலை மாணவர் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருப்பார். இன்று இரண்டு மொழிகளை ஜி3இலும் மற்ற இரண்டை ஜி2இலும் படிக்க முடியும். மொத்தம் 22 பெற்ற பிள்ளையின் பெற்றோர், குழு 3 கிடைக்கிறதே என்று நான்கையும் ஜி3 ஆக்குவதற்கு முன், அந்த 22 எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். 5, 5, 6, 6 ஆக வந்த 22க்கும், 3, 4, 7, 8 ஆக வந்த 22க்கும் ஒரே தீர்வு பொருந்தாது. இரண்டாவது பிள்ளைக்கு குழு 2இல் சேர்ந்து, இரண்டு பாடங்களை ஜி3இல் படிப்பதுதான் நியாயம்.

உயர்ந்ததை எடுத்துப் பார்ப்போம், இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம் என்ற வாதத்துக்கு இங்கே வருகிறேன். நிர்வாக நடைமுறையாகப் பார்த்தால் அது உண்மை. கற்றல் அப்படி நடப்பதில்லை. கணிதம் படிக்கட்டாகக் கட்டப்பட்ட பாடம். இயற்கணிதக் கோவையைச் சுருக்கத் தெரியாதவருக்குச் சமன்பாடு புரியாது, சமன்பாடு புரியாதவருக்கு வரைபடம் வெறும் கோடு. ஓராண்டு புரியாமல் உட்கார்ந்துவிட்டு ஜி2க்கு வரும் பிள்ளை, ஜி2இல் தொடங்கிய பிள்ளையோடு சமமாக நிற்பதில்லை. இடைவெளியோடும், தனக்குக் கணிதம் வராது என்ற முடிவோடும் வருகிறது. அமெரிக்காவின் சார்லட்-மெக்லன்பர்க் பள்ளி மாவட்டத்தில் 2000களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு பெரிய சோதனையே நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இயற்கணிதத்தை, நடுத்தர மதிப்பெண் பெற்றவர்கள் உட்படப் பல மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே கற்பித்தார்கள். கிளாட்ஃபெல்டர், லாட், விக்டோர் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளைவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். முந்திப் படித்தவர்கள் இயற்கணிதத் தேர்வில் பின்தங்கினார்கள்; அடுத்து வரும் வடிவியல் பாடத்தில் தேறும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைந்தது.

ஆனால் இதிலிருந்து, பாதுகாப்பாகக் கீழ்நிலையே போதும் என்று முடிவுகட்டினால் அது எதிர்த்திசைத் தவறு. அந்தப் பள்ளி மாவட்டம் இருக்கும் அதே வட கரோலினா மாநிலத்தில் 2018இல் ஒரு சட்டம் வந்தது: மாநிலக் கணிதத் தேர்வில் மிக உயர்ந்த நிலை பெற்ற மாணவரை, கேட்காமலேயே மேம்பட்ட கணித வகுப்பில் சேர்க்க வேண்டும். தகுதி இருந்தும் யாரும் பரிந்துரைக்காததால் வெளியே நின்ற பிள்ளைகள் இருந்தார்கள் என்பதுதான் அந்தச் சட்டத்துக்கான காரணம். இங்கும் ஏழைக் குடும்பங்களிலும், பள்ளி முறையைச் சரியாக அறியாத வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைக்கு ஜி3 வாய்ப்பு வந்திருக்கிறது என்று கடிதம் வந்தும், எதற்கு வீண் சிரமம் என்று மறுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விதி எளிமையானது. பிள்ளை தன் மதிப்பெண்ணால் ஒரு பாடத்தில் மேல்நிலைக்கு அழைக்கப்பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். அழைக்கப்படாத பாடத்தில் அந்த இடத்துக்காகப் போராடாதீர்கள்.

தகுதியைத் துணைப்பாட வகுப்பால் உருவாக்கிக்கொள்ளலாமே என்ற கேள்வி அடுத்து எழும். சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்குச் செலவிடும் தொகை 2018 வாக்கில் 1.4 பில்லியன் வெள்ளியாக இருந்தது, 2023இல் 1.8 பில்லியனாக உயர்ந்தது. அந்தப் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு குறிப்பிட்ட இடைவெளியை நிரப்பும் வகுப்பு பிள்ளைக்கு உதவும். ஆனால் வாரத்துக்கு இரண்டு வகுப்பு இருந்தால் மட்டுமே ஜி3இல் நிற்க முடியும் என்றால், அங்கே நிற்பது பிள்ளையல்ல, அந்த வகுப்பு. நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளை யாருடைய உதவியுமின்றி வீட்டுப்பாடத்தை எவ்வளவு செய்கிறது என்பதையே அடையாளமாகக் கொள்ள வேண்டும். அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் நீக்கப்பட்டுவிட்டதால், இந்த அடையாளத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. பெற்றோர் கையில் எண்கள் முன்பைவிடக் குறைவு. பயிற்சி ஏட்டையும், வகுப்பில் எதைக் கேட்கத் தயங்குகிறது என்பதையும் கவனிப்பதற்கு மாற்று இல்லை.

ஜி2 என்றால் மற்ற பிள்ளைகள் மட்டமாகப் பார்ப்பார்கள் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போஸ்டிங் குழு வாரியாகப் பள்ளிகளின் நுழைவு எண்கள் வெளியாகும் வரை ஒப்பீடு இருக்கத்தான் செய்யும். ஆயினும் அன்றாட வாழ்க்கை மாறியிருக்கிறது. வெவ்வேறு குழுவினர் ஒரே வகுப்பில் கலந்திருக்கிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, உணவுக் கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், குணநலக் கல்வி ஆகிய ஆறு பாடங்களை எல்லாரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். இவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாட நேரம். பிள்ளையின் தன்மதிப்பீடு குறித்து ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து காட்டிவருவதும் இதோடு சேரும்: ஒரே திறமையுள்ள இருவரில், தன்னைவிட மிகத் தேர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தன்னைத் தாழ்வாக மதிப்பிடுகிறார். மேல்நிலையில் கடைசியாக இருப்பதும் ஓர் அவமானம்தான். அது வீட்டுக்கு வெளியே தெரியாது என்பதால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மொழிப் பாடங்களுக்கு வேறு விதி. மொழி அடுக்கடுக்காகக் கட்டப்படுவதில்லை, பழக்கத்தில் பரவுகிறது. ஒரு கட்டுரைப் பயிற்சியில் தவறிய பிள்ளைக்கு அடுத்த சிறுகதை மூடிவிடாது. அதனால் உயர்ந்ததை எடுத்துப் பார்ப்போம் என்ற துணிவு தமிழில் பொருந்தும். இதைத் தமிழ்ப் பெற்றோர் தலைகீழாகச் செய்வதுதான் வருத்தம் தருகிறது. கணிதத்தில் தகுதிக்கு மீறி ஏற்றிவிட்டு, நேரம் போதவில்லை என்று தமிழை ஒரு நிலை இறக்குகிறார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் ஒலி குறையும்போது பள்ளியில் வாசிக்கும் நூல்களின் கனமும் குறைந்தால், பிள்ளைக்கு மொழி எங்கிருந்து வரும்? ஜி3 தமிழோ உயர்தமிழோ படிக்கும் தகுதி இருந்தால், அதைக் கடைசிவரை விடாதீர்கள். பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குச் சென்று படிக்கும் பிள்ளைகளுக்குப் பயண நேரம் ஒரு சுமைதான். அந்தச் சுமையைக் குறைக்க வேண்டுமானால் ஒரு துணைப்பாட வகுப்பையோ இணைப்பாட நடவடிக்கையின் கூடுதல் பயிற்சியையோ குறைக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான கணக்கில் தமிழும் சிறந்த பாடங்களுள் ஒன்றாகச் சேரலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலை 2க்கு வரும்போது எதிர்காலம் கணக்கில் சேர்கிறது. 2027இல் ஓ நிலை, என் நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ்த் தேர்வு வருகிறது; ஒவ்வொரு பாடத்தையும் அதனதன் நிலையில் எழுதலாம். 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு முன்பு இருந்த ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து ஜி3 பாடங்கள் கணக்கிடப்படும். பலதுறைத் தொழிற்கல்லூரிக் கணக்கில் ஐந்தில் ஒன்று ஜி2 ஆக இருக்கலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழியாகவும் பாதை தொடர்கிறது. ஆக, எல்லாப் பாடத்திலும் ஜி3 என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் தொடக்கக் கல்லூரியில் எச்2 நிலைக் கணிதம் படிக்க நினைப்பவருக்குப் பொதுவாகக் கூடுதல் கணிதம் வேண்டும். அதற்கான இயற்கணித அடித்தளம் உயர்நிலை 1, 2இல் போடப்படுகிறது. புவியியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றை உயர்நிலை 2இலிருந்து மேல்நிலையில் எடுக்கவும் வழி உண்டு. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடம் பிள்ளையின் தர வரிசையைக் கேட்பதைவிட மூன்றைக் கேளுங்கள்: இந்தப் பாடத்தில் எந்த அத்தியாயத்தில் முதலில் தடுமாறியது, அதற்குப் பிறகு சரியானதா, அடுத்த நிலைக்கு மாற இந்தப் பள்ளியில் எப்போது, எந்த அடிப்படையில் பரிசீலிக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கான விடை பள்ளிக்குப் பள்ளி மாறுவதால், அதைச் சேர்க்கைக்கு முன்பே, பள்ளியின் அறிமுக நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது.