மீன் வளர்ப்போருக்கு மிதவையா, தட்டைப் படகா?

ஏரி, கண்மாய்களைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு, மிருகால் வளர்ப்போர், நீரில் இறங்க ஏதாவதொரு கலம் வைத்திருக்க வேண்டியுள்ளது. மேட்டூர், பவானிசாகர் நீர்த்தேக்கங்களில் பரிசல் உண்டு. அது பழகிய கைக்கே அடங்கும். புதியவர்களுக்கு டிரம் மிதவை அல்லது தட்டை அடிப் படகே ஏற்றது. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை விலையைக் கொண்டு முடிவு செய்யாமல், நீரையும் வேலையையும் கொண்டு முடிவு செய்தல் நல்லது.

சொந்தக் குளத்தில் தினமும் பிண்ணாக்கும் தவிடும் கொண்டுபோய்த் தீனிப் பைகளில் நிரப்பும் வேலைக்கு மிதவை போதும். கரைக்குக் கரை கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்தே போய்வரலாம். 200 லிட்டர் டிரம் முழுதும் அமிழ்ந்தால் சுமார் 200 கிலோவைத் தாங்கும். ஆனால் டிரம் பாதிக்கு மேல் அமிழக் கூடாது. நான்கு டிரம் கட்டினால் 400 கிலோ. அதில் டிரம், சட்டம், பலகை எடை 200 கிலோ வரை போய்விடும். மீதியில் இரண்டு ஆள், ஒரு 50 கிலோ மூட்டை ஏற்றலாம். 'மிதவை கவிழாது' என்று மேலும் நாலு பேரை ஏற்றுவோர் உண்டு. டிரம்கள் முழுதும் அமிழ்ந்தபின் சற்றே சாய்ந்தாலும் மிதவை மீண்டு நிமிராது.

பூச்சிமருந்து இருந்த டிரம்களை வாங்கவே கூடாது. மிச்ச நஞ்சு மீனைக் கொல்லும். எண்ணெய், பெட்ரோல் இருந்த டிரம்மில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மே நலம். உள்ளே தெர்மாகோல் துண்டுகளைத் திணித்து வைத்தால், ஓட்டை விழுந்தாலும் ஒரேயடியாக மூழ்காது.

கருவேல மரங்கள் நிற்கும் கண்மாயில் மிதவை உதவாது. கட்டைகளில் டிரம் மாட்டிக்கொள்ளும். எதிர்காற்றில் நகரவும் நகராது. செவுள் வலை விடுவதற்கும் படகே தேவை. 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட தட்டை அடிப் படகு, ஏறும் ஒவ்வொரு 48 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் அமிழும். படகு, இரண்டு ஆள், வலை, மீன் எல்லாம் சேர்ந்து 300 கிலோ ஆனாலும் ஆறேழு சென்டிமீட்டர் ஆழம் போதும். முழங்கால் நீரிலும் ஓடும்.

ஆபத்து வலை இழுக்கும்போதுதான். கனத்த வலையை இருவரும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் படகு சாயும். உள்ளே தேங்கிய நீரும் அப்பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் அதிகமாக்கும். பல விபத்துகளில் நீச்சல் தெரிந்தவர்கூட வலையில் கால் சிக்கி வெளிவர முடிவதில்லை. ஆகவே முகப்பில் ஒருவர் உட்கார்ந்தே வலையை இழுக்க, மற்றவர் பின்னால் அமர்ந்து துடுப்புப் பிடிக்க வேண்டும். தண்ணீரை அவ்வப்போது இறைத்துவிட வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் தெர்மாகோல் அடைத்திருந்தால், நீர் நிறைந்த படகும் பிடித்துக்கொள்ள மிதக்கும்.

ஆடிக் காற்றில் பெரிய ஏரிகளில் அலை எழும். காற்று ஏறுமுன் அதிகாலையிலேயே வலையை எடுத்துவிடுவது வழக்கம். எதில் போனாலும் ஆளுக்கொரு மிதவைச் சட்டை அணிய வேண்டும். வாங்க இயலாதோர், காற்றடைத்த லாரி டியூப் ஒன்றையாவது கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதைப் படகோடு இறுக்கிக் கட்டிவிடக் கூடாது.