பச்சை உடை அணியும் ஞாயிறுகள்



தூய ஆவியின் பெருவிழா முடிந்து, அதன் பின் வரும் மூவொரு இறைவன் பெருவிழாவும் நற்கருணைப் பெருவிழாவும் கழிந்த ஒரு ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். வயதான ஆச்சி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவாமி, மடுத் திருநாளை விட்டால் இனி நத்தார் மட்டும் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். நான் சிரித்துத் தலையாட்டி விட்டேன். அறைக்குத் திரும்பிய பின்னர்தான் மனம் உறுத்தியது. உள்ளபடி சொல்வதானால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

'ஒண்டும் இல்லாத' அந்தக் காலத்துக்குத் திருச்சபை ஆண்டின் பொதுக்காலம் என்று பெயரிட்டிருக்கிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவின் பின் தொடங்கி, விபூதிப் புதனுக்கு முந்திய நாள் வரை அதன் முதற்பகுதி. தூய ஆவியின் பெருவிழாவுக்கு அடுத்த திங்கள் தொடங்கித் திருவருகைக் காலம் வரை அதன் நீண்ட பகுதி. இரண்டையும் சேர்த்தால் 33 அல்லது 34 வாரங்கள், அதாவது ஆண்டில் பாதிக்கு மேல். முன்னே இவற்றை மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பின்வரும் ஞாயிறு, பெந்தேகோஸ்தேக்குப் பின்வரும் ஞாயிறு என்று எண்ணி வந்தார்கள். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டி புதுப்பிக்கப்பட்டபோது இரண்டும் ஒரே காலமாயின. மற்றக் காலங்கள் கிறிஸ்துவின் வாழ்வில் ஒவ்வொரு நிகழ்ச்சியை எடுத்துத் தியானிக்கின்றன. பொதுக்காலமோ எதையும் தனித்து எடுக்காமல் அவரை முழுமையாக நமக்கு முன் வைக்கிறது. எனவே அவசரம் இல்லை. நோன்பும் இல்லை, குடில் கட்டும் வேலையும் இல்லை. அவர் பின்னால் ஊர் ஊராக நடப்பதே வேலை.

அந்த நடையும் மெதுவானதே. ஓர் ஆண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, அடுத்த ஆண்டு லூக்கா என்று ஒரு நற்செய்தியாளரோடு வாராவாரம் தொடர்ந்து செல்கிறோம். (ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் அது லூக்காவின் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.) மாற்கு எழுதியது சிறிய நூலாதலால், அவருடைய ஆண்டில் ஐந்து ஞாயிறுகளுக்கு அருளப்பர் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலேயே தங்கி விடுகிறோம். அப்பத்தைப் பற்றி ஐந்து வாரம் பிரசங்கம் வைப்பது எப்படி என்று குருக்கள் நாங்கள் முறையிடுவதுண்டு! ஆனால் உணவை ஆறுதலாக மென்று தின்பவனுக்குத்தான் அதன் சுவை தெரியும்.

யூலை மாதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயுவின் ஆண்டில், 14ஆம் ஞாயிறன்று, சுமை சுமந்து சோர்ந்தவர்களை ஆண்டவர் தம்மிடம் அழைக்கிறார். மாற்குவின் ஆண்டில், 16ஆம் ஞாயிறன்று, உண்பதற்கும் நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனியிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி சொல்கிறார். லூக்காவின் ஆண்டில் அதே 16ஆம் ஞாயிறன்று மார்த்தாள் அடுப்படியில் பரபரக்க, மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஆண்டானாலும் இளைப்பாறுதலைப் பற்றிய ஒரு வாசகம் அந்த மாதத்தில் நம்மைத் தேடி வருகிறது.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு தயக்கமும் உண்டு. 2009இல் போர் முடிந்தது. ஆனால் காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அது இன்னும் முடியவில்லை. அவளிடம் போய் 'இளைப்பாறுங்கள்' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஆனால் மாற்கு கூறுவதை இறுதிவரை வாசியுங்கள். ஆண்டவரும் சீடரும் படகேறி ஓய்வெடுக்கப் போகிறார்கள். மக்கள் கரைவழியாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே நிற்கிறார்கள். அவர் சினக்கவில்லை. மேய்ப்பனில்லா ஆடுகளைக் கண்டு மனமிரங்கி அவர்கள் நடுவே இருக்கிறார். ஆகவே அவர் தரும் இளைப்பாறுதல் துயரத்தை மறக்கச் சொல்வதன்று. விடை கிடையாத கேள்வியோடு வந்து அவர் அருகே உட்கார்ந்திருக்கவும் அங்கே இடம் உண்டு. அந்தத் தாய்மாரிற் பலர் பூசை முடிந்த பின்னரும் கடைசி வாங்கிலிருந்து எழும்பாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். பொதுக்காலத்தைப் பற்றி எனக்குக் கற்பித்தவர்கள் அவர்களே.

இக்காலத்தின் உடை பச்சை. ஆனால் நமது குடாநாட்டில் யூலை, ஓகஸ்டில் வயலைப் பார்த்தால் பச்சையே தெரியாது. காலபோக நெல்லை அறுத்த பின், சோளகம் புழுதியை வாரி அடிக்க, நிலம் வெறுமையாய்க் கிடக்கும். மாடுகள் மேயும். கரையோரத்துப் பனையிலிருந்து பழம் விழும். 'சும்மா கிடக்குது' என்போம். லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வுநாள் கொடுக்கும்படி கட்டளையிடுகிறார். விதைத்தவன் உறங்கி எழும்ப, அவன் அறியாமலே விதை முளைத்து வளரும் உவமையை மாற்கு நான்காம் அதிகாரத்தில் சொல்கிறார். உறங்குகிறவனை அங்கே சோம்பேறி என்று ஏசுவார் இல்லை. முளைக்கச் செய்வது தன் வேலையல்ல என்று அறிந்தவன் அவன்.

நம் வீடுகளில் இந்த அறிவு குறைந்து வருகிறது. ஞாயிறு காலையிலும் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புகிறோம். "ஒரு பூசைதானே சுவாமி, சோதனை முடியட்டும்" என்கிறார் தகப்பன். அவர் பிள்ளையின் நன்மையை எண்ணித்தான் சொல்கிறார். அதை நான் அறிவேன். எனினும் உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓய்வுநாளுக்கு அங்கே சொல்லப்படும் காரணம், இஸ்ராயேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்தார்கள் என்பதே. அடிமைக்கு ஓய்வு கிடையாது. விடுதலை பெற்றவனுக்கே அது உண்டு. வாரத்தில் ஏழு நாளும் புத்தகம் சுமக்கும் பிள்ளை யாருக்கு அடிமை? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் இலக்கமும் ஞாயிறு வழிபாட்டோடு அந்நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உடல் உள்ளத்துக்கு வேண்டிய ஓய்வையும் சேர்த்தே பேசுகிறது. பூசைக்கு வந்துவிட்டு அடுத்த நிமிடம் ஓடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். (பங்கு மனையில் ஞாயிறு மாலைக் கூட்டம் வைக்கும் குருவானவரும்தான்.)

பெரிய திட்டம் எதுவும் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் மறுநாள் நற்செய்தியை வீட்டில் ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். சின்னப் பிள்ளை வாசித்தால் நல்லது. தடக்கித் தடக்கி வாசிக்கும்போது நாமும் ஆறுதலாகக் கேட்போம். விளக்கம் வேண்டாம். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். வாசித்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசாமல் இருங்கள். முதல் இரண்டு கிழமையும் பிள்ளைகள் சிரிப்பார்கள், இருக்கையில் நெளிவார்கள். அதுவும் இருக்கட்டும், 33 வாரம் இருக்கிறதே.

அந்த ஆச்சியை மறு ஞாயிறு கண்டபோது, "ஆச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றேன். அவர் எதைப் பற்றியென்று மறந்து விட்டிருந்தார். "சரி சுவாமி, அடுத்த கிழமை என்ன வாசகம்?" என்று கேட்டார்.