மிதிச்சும் வேகம் எடுக்கலையா? முதல்ல கேபிளைப் பாருங்க

போன மாசம் நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் நுழையும்போது என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் திடீர்னு சோர்ந்துபோச்சு. பயத்தில் புது சென்சார் வாங்கப் பார்த்தேன். நல்லவேளை, வாங்கலை.

கேபிள் த்ராட்டில் காரா? இந்த வரிசையில் பாருங்க. எஞ்சினை அணைத்து, காற்றுக் குழாயைக் கழற்றி, நண்பரை ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. த்ராட்டில் தகடு முழுசா திறக்கலைன்னா கேபிள் தளர்ந்திருக்கலாம். கால் மேட்டும் தடுக்கலாம்.

திறந்தால், இக்னிஷனை மட்டும் போட்டு த்ராட்டில் சென்சாரை மல்டிமீட்டரில் பாருங்க. பல கார்களில் சுமார் 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வரை சீராக ஏறும். நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கும். அதுவும் சரின்னா எரிபொருள் ஃபில்டர், பம்ப் அழுத்தம்.

எனக்குக் கேபிள்தான். இறுக்கும்போது கொஞ்சம் தளர்வு விடுங்க. இல்லாட்டி தகடு முழுசா மூடாது. அது இதைவிட ஆபத்து.